ஒரு வண்டிச் செங்கல்

ஒற்றைப்படைத் தேதி பெரியப்பாவுக்கு, இரட்டைப்படைத் தேதி அப்பாவுக்கு என்று டிராக்டரைப் பிரித்துக்கொண்டார்கள். முப்பத்தொன்று வருகிற மாதத்தில் பெரியப்பாவுக்கு அடுத்தடுத்து இரண்டு நாள் கிடைக்கும். அப்பா அதைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை. பெரியப்பாவும் சொன்னதில்லை. ஆனால் முப்பத்தொன்றாம் தேதியன்று வண்டி வேப்பமரத்தடியில் சும்மாவே நிற்கும். நானும் அக்காவும் அதன்மேல் ஏறி விளையாடுவோம். பள்ளிக்கூடத்துக்கு ஞாயிற்றுக்கிழமை மாதிரி டிராக்டருக்கு முப்பத்தொன்று லீவு என்று நினைத்திருந்தேன்.

அக்கா என்றால் பெரியப்பாவின் மகள். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். எங்கள் வீட்டுக்கு நாங்கள் இரண்டு பேர்தான் பிள்ளைகள். ஒரே வீடு, ஒரே அடுப்பு. நாமக்கல்லிலிருந்து ராசிபுரம் போகிற வழியில் எங்களுக்கு மேட்டுக்காடு கொஞ்சமும் பள்ளக்காடு கொஞ்சமும் இருந்தன. எழுபதுகளின் கடைசியில் பெரியப்பாவும் அப்பாவும் சேர்ந்து ஒரு பழைய டிராக்டரை வாங்கினார்கள். பழையது என்பதால் அதில் சில சாமான்கள் பேருக்குத்தான் இருந்தன. பின்சக்கரம் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பூட்டுகிற மிதி துருப்பிடித்து அசையாது. எண்ணெய் அளவு பார்க்கிற குச்சி ஒடிந்து போயிருந்தது. ஆனாலும் ஊரில் அதற்கு மரியாதை இருந்தது.

டிராக்டருக்குத் தேதி பிரிக்கிற அளவுக்குச் சண்டை வந்தது ஒரு சாவியால். அப்போதெல்லாம் கரண்ட் வருவதே கொஞ்ச நேரம். அந்த நேரத்தில் பார்த்தால் மோட்டார் ரூம் சாவி ஆணியில் இல்லை. கடலைக்காடு காய்கிறது. சாவி எங்கே என்று அப்பா கேட்டார். என்னை ஏன் கேட்கிறாய் என்று பெரியப்பா கேட்டார். அப்புறம் இரண்டு பேரும் சாவியை விட்டுவிட்டு வேறு எதையெதையோ கேட்டுக்கொண்டார்கள். சாவி மறுநாள் வைக்கோல் போருக்கு அடியில் கிடைத்துவிட்டது. நின்றுபோன பேச்சுதான் கிடைக்கவில்லை.

பேச்சு நின்றது என்றால் வேறு எதுவும் நின்றுவிடவில்லை. ஒன்றாகத்தான் சாப்பிட உட்காருவார்கள். ஒருவர் காட்டிலிருந்து வரும்வரை மற்றவர் தட்டில் கை வைக்க மாட்டார். பேச்சு மட்டும் என் வழியாகப் போகும்.

"அம்முணி, நாளைக்கு மேட்டுக்காட்டுக்கு ஆளு வருதான்னு உங்கப்பனக் கேளு."

அப்பா பக்கத்திலேயே கைகழுவிக்கொண்டிருப்பார். நான் போய்ச் சொல்வேன். எனக்குச் சின்ன வயதிலிருந்தே குரல் எழும்பாது. நான் பேசுவது பல சமயம் எனக்கே கேட்காது.

"என்ன கேட்டாரு? சத்தமாச் சொல்லு."

அவருக்கு முதலிலேயே கேட்டிருக்கும். ஆனாலும் நான் மறுபடி சொல்ல வேண்டும்.

"ஆளு வருதுன்னு சொல்லு."

அதைச் சொல்வதற்குத் திரும்பினால் பெரியப்பா ஏற்கெனவே தலையை ஆட்டிக்கொண்டிருப்பார். இருந்தாலும் நான் சொல்லி முடிக்கும்வரை கேட்பார். கேட்டுவிட்டுப் புதிதாக ஒருமுறை தலையை ஆட்டுவார்.

இந்த வேலைக்கு முதலில் அக்காவைத்தான் அனுப்பினார்கள். அவள் வாயாடி. "ஆளு வருது" என்பதை "ஆளு வருது, நீங்க ஒண்ணும் கவலப்பட வேண்டாமாம்" என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கு வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அதிலிருந்து வேலை எனக்கு வந்தது. சொன்னதைச் சொன்னபடி சொல்லுகிற பிள்ளை என்று எனக்குப் பெயர். கூடச் சொல்வதற்கு எனக்குத் தைரியம் கிடையாது என்பதுதான் உண்மை.

சுவர் சேதியும் என் வழியாகத்தான் போயிற்று. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்த பெரியப்பா, தட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"இப்பிடியே எத்தன நாளைக்கு அம்முணி? ஆசாரத்துக்கு நடுவுல ஒரு செவுத்த வெச்சுக்கலாமான்னு கேளு."

ஆசாரம் என்பது வீட்டின் நடுக்கூடம். நான் அப்பாவிடம் சொன்னேன். அவர் சத்தமாகச் சொல் என்று கேட்கவில்லை. மோர் ஊற்றிக்கொண்டு, பிசைந்து, பிறகு சொன்னார்.

"அவுரு இஷ்டம்னு சொல்லு."

பரிமாறிக்கொண்டிருந்த அம்மாவும் பெரியம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் இருவரையும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு ஒற்றைப்படைத் தேதியில் அந்த டிராக்டரே போய்ச் செங்கல் ஏற்றி வந்தது. வைக்கோல் போருக்குப் பக்கத்தில் இறக்கி அடுக்கினார்கள். குச்சிக்கிழங்கு பிடுங்கி மில்லுக்குப் போனதும் கொத்தனார் வருவதாகப் பேச்சு. நானும் அக்காவும் கரித்துண்டால் ஆசாரத்துத் தரையில் கோடு போட்டுப் பார்த்தோம். ஊஞ்சல் சங்கிலி ஒன்று அவர்கள் பக்கம் போயிற்று, இன்னொன்று எங்கள் பக்கம் வந்தது. நாங்கள் படுக்கிற பாய் நடுவில் கிடந்தது. அக்கா கோட்டை வளைத்து வளைத்துப் போட்டாள். எப்படிப் போட்டாலும் பாய் ஒரு பக்கமாக வரவில்லை. நேராக நடந்தால் ஐந்தாறு எட்டில் இருக்கிற அக்காவிடம், வெளிவாசல் வழியாகச் சுற்றித்தான் போக வேண்டியிருக்கும் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. பெரியம்மா வந்து பார்த்தாள். ஈரத்துணியால் கோட்டைத் துடைத்துவிட்டுப் போனாள்.

குச்சிக்கிழங்கு என்று நாங்கள் சொல்வது மரவள்ளியை. மண்ணுக்குள் இருக்கும்வரை அது காத்திருக்கும். பிடுங்கிவிட்டால் காத்திருக்காது. சீக்கிரமாக ஜவ்வரிசி செய்கிற சேகோ மில்லுக்குப் போய்ச் சேர வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே நீலக்கோடு விழுந்து, கறுத்து, மாவு குறைந்துவிடும். மில்லில் மாவு எவ்வளவு என்று பாயிண்ட் கணக்கில் பார்த்துத்தான் விலை போட்டு எடுப்பார்கள். அந்த வருடம் கிழங்கு தொடை தொடையாக விளைந்திருந்தது. கார்த்திகை மாதம், ஒரு இரட்டைப்படைத் தேதியில் பள்ளக்காட்டில் பிடுங்கி டிரெய்லர் நிறைய ஏற்றினார்கள். ஏற்றி முடிக்கும் நேரத்தில் கொல்லிமலைப் பக்கமிருந்து மழை இறங்கியது.

காட்டு மூலையில், வாய்க்கால் கசிகிற இடத்தில் வண்டி புதைந்தது. அப்பா ஓட்டிக்கொண்டிருந்தார். இடது பக்கத்துப் பின்சக்கரம் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு சுற்று சுற்றென்று சுற்றியது. வலது பக்கத்துச் சக்கரம் கெட்டி மண்மேல் அசையாமல் நின்றது. அப்பா இறங்கினார், ஏறினார், மறுபடி இறங்கினார். டிரெய்லரைக் கழற்றி விட்டுப் பார்த்தார்கள். மாடு கட்டி இழுத்தார்கள். மாடுகள்தான் முழங்கால் போட்டன. சக்கரம் சுற்றச் சுற்ற இன்னும் ஆழத்துக்குப் போனது. இருட்டுகிறவரை பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தார்கள்.

சாப்பிடும்போது பெரியப்பா சொன்னார்.

"அம்முணி, இந்தக் கெழங்கு கறுத்துப் போச்சுன்னா வண்டிய வித்துரலாம்னு சொல்லு. செவுத்தோட சேத்து அதையும் பாகம் பண்ணிக்கலாம்."

நான் சொன்னேன். அப்பா எழுந்து கைகழுவப் போய்விட்டார். பதில் இல்லாத சேதியை என்ன செய்வது என்று தெரியாமல் நான் அங்கேயே நின்றேன்.

விடிந்தால் ஒற்றைப்படை. வண்டி பெரியப்பாவுடையது. மாட்டியதோ அப்பாவின் நாளில். எடுப்பது யார் பொறுப்பு என்பதற்கு அவர்கள் ஒப்பந்தத்தில் வழியில்லை. காலையில் பெரியப்பா பெரிய வரப்பு வழியாக வந்தார், அப்பா வாய்க்கால் வழியாக வந்தார். சேதி சொல்ல ஆள் வேண்டுமே, என்னையும் பள்ளிக்கூடம் அனுப்பாமல் கூட்டி வந்துவிட்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் மாமனும் வந்துவிட்டான். மாமன் அம்மாவுக்குத் தம்பி, நாமக்கல்லில் லாரிப் பட்டறையில் வேலை. முதல் நாள் சாயங்காலமே அம்மா பஸ் கண்டக்டரிடம் சொல்லி விட்டிருந்தாள். மாமனுக்கு எதையும் திறந்து பார்ப்பதில் ஆசை. எங்கள் வீட்டு ரேடியோவைத் திறந்திருக்கிறான். சுவர்க்கடிகாரத்தைத் திறந்திருக்கிறான். எதையும் மூடியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

வண்டியைச் சுற்றி வந்தான். ஒருமுறை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, ஒரு சக்கரம் சுற்றுவதையும் ஒரு சக்கரம் நிற்பதையும் பார்த்தான். கண்ணை மூடிக்கொண்டு சொன்னான்.

"கிரவுன் போச்சுங் மச்சான். டிப்ரன்சல் மொத்தமும் அவுட்டு. பின்னால பூராவும் கழட்டிப் போட்டுறலாம்."

"நேத்து வரைக்கும் நல்லா ஓடுச்சேப்பா" என்றார் பெரியப்பா.

"நேத்து வரைக்கும் எல்லாருந்தான் நல்லா இருக்கறமுங். போறப்ப ஒரே நாள்லதானுங்களே போறம்."

"இவன் வாயக் கழட்டி மொதல்ல பாகம் பண்ணோணும்" என்றார் அப்பா. யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. அது சேதியா இல்லையா என்று எனக்குக் குழப்பமாக இருந்தது. நான் பெரியப்பாவைப் பார்த்தேன். அவர் மீசைக்குள் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

கிரவுன் என்றால் என்ன, டிப்ரன்சல் என்றால் என்ன என்று அன்றைக்கு மாமன் எனக்குச் சொன்னதுதான் இன்றுவரை எனக்குத் தெரிந்தது. "நீயும் உன்ற அக்காளும் கையக் கோத்துக்கிட்டு இந்த மரத்தச் சுத்திப் பாருங்க. உள்ள இருக்கற நீ நின்ன எடத்துல நிப்ப. வெளிய இருக்கறவ ஓடோணும். வண்டி திரும்பறப்பச் சக்கரத்துக்கும் அதே கததான். ரெண்டையும் ஒரே வேகத்துல போன்னு சொன்னா வண்டி திரும்பாது. அதுக்குத்தான் நடுவுல பல்சக்கரத்த வெச்சு ஒரு பொட்டி. அக்கட்டச் சக்கரத்துக்கு எவ்வளவு, இக்கட்டச் சக்கரத்துக்கு எவ்வளவுன்னு அது பாத்துப் பிரிச்சுக் குடுக்கும்."

"அப்புறம் ஏன் மாமா ஒண்ணு நிக்குது?"

"அந்தப் பொட்டிக்கு ஒரு கெட்ட கொணம், சாமி. எது பாரமில்லாம லேசாச் சுத்துதோ அதுக்கே எல்லாத்தையும் தூக்கிக் குடுத்துரும். எங்க மொதலாளி மருமவனாட்ட. வேல செய்யாதவனுக்கே சம்பளம் பூராவும்."

சேற்றில் வழுக்கிச் சுற்றுகிற சக்கரத்தைப் பிரேக்கால் பிடித்து நிறுத்தினால், அந்தப் பலம் கெட்டி மண்ணில் நிற்கிற சக்கரத்துக்குப் போகும், வண்டி ஏறிவிடும் என்றான். டிராக்டரில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனிப் பிரேக் உண்டு. அதை நேற்றே மிதித்துப் பார்த்தாயிற்று, பிடிக்கவே இல்லை என்றார் அப்பா. அப்படியானால் பெட்டியே போய்விட்டது, சந்தேகமே இல்லை என்றான் மாமன். சோதித்துப் பார்க்க ஒரு வழி இருந்தது. பின்சக்கரம் இரண்டையும் தரையில் படாமல் தூக்கி நிறுத்தி, கியரில் வைத்து, ஒரு சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டும். மற்றச் சக்கரம் எதிர்ப்பக்கமாகச் சுற்றினால் பெட்டி நன்றாக இருக்கிறது. சுற்றாவிட்டால் போயிற்று.

தூக்குவதற்கு ஜாக்கி இருந்தது. ஜாக்கி நிற்பதற்குத் தரை இல்லை. சேறு ஜாக்கியை விழுங்கியது. கட்டை போட்டார்கள், கட்டையையும் விழுங்கியது.

"அகலமாக் கல்லப் பரப்பி, மேல பலகையப் போட்டாத்தான் நிக்கும்" என்றான் மாமன். "கல்லு இருக்குதுங்களா?"

அப்பா சேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியப்பா டிரெய்லருக்குப் போய் ஒரு கிழங்கை எடுத்து உடைத்துப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"அம்முணி, மாட்டு வண்டியில ஏறி ஊட்டுக்குப் போ. செவுத்துக்கு எறக்குன கல்லுல ஒரு வண்டி அனுப்பச் சொன்னேன்னு உங்க பெரியம்மாகிட்டச் சொல்லு."

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் ஜாக்கியிலிருந்த சேற்றை வழித்துக்கொண்டிருந்தார். போய்ச் சொன்னேன்.

பெரியம்மா அடுப்படியில் இருந்தாள். நான் சொன்னதும் அம்மாவைப் பார்த்தாள். அம்மா அரிவாள்மனையைச் சாய்த்து வைத்துவிட்டு எழுந்தாள். இரண்டு பேரும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு செங்கல் குவியலுக்குப் போனார்கள். பெரியம்மா எடுத்துக் கொடுக்க, அம்மா வாங்கி வண்டியில் போட, நான் வண்டிக்குள் நின்று தள்ளி அடுக்கினேன். அப்படியொரு வேகத்தை நான் அவர்களிடம் பார்த்ததே இல்லை. அறுவடைக்குக்கூட அப்படி வேலை செய்ய மாட்டார்கள். நடுவில் பெரியம்மா ஏதோ சொல்ல, அம்மாவுக்குச் சிரிப்பு வந்து கல்லைத் தவறவிட்டாள். அது உடைந்ததற்கும் சிரித்தார்கள்.

கல்லைக் காட்டில் இறக்கிவிட்டு வண்டி திரும்பி வந்தது. நானும் கூடவே வந்தேன். பார்த்தால் இரண்டு பேரும் அடுத்த நடைக்குக் கல்லைக் கூடையில் எடுத்துத் தயாராக நிற்கிறார்கள்.

"பெரியப்பா ஒரு வண்டிதான் கேட்டாங்க" என்றேன்.

"ஆமாஞ்சாமி, ஒரு வண்டிதான்" என்றாள் பெரியம்மா. "அதே வண்டிதான் மறுபடியும் வந்திருக்குது. வேறயா வந்திருக்குது?"

மறுபடி போனோம், மறுபடி வந்தோம். மத்தியானத்துக்கு அக்கா பள்ளிக்கூடத்திலிருந்து சாப்பிட வந்தவள், பையை எறிந்துவிட்டு அவளும் கல் சுமந்தாள். கடைசி நடையில் பெரியம்மா உடைந்த துண்டுகளைக்கூட முறத்தில் வாரிப் போட்டாள். குவியல் இருந்த இடத்தில் வெளுத்துப்போன புல் மட்டும் கட்டம் கட்டமாகத் தெரிந்தது.

காட்டில், வந்து விழுந்த கல்லையெல்லாம் சேறு வாங்கிக்கொண்டே இருந்தது. பரப்பி, அதன்மேல் பரப்பி, கடைசியில் ஜாக்கி நின்றது. வண்டியின் பின்பக்கம் மெதுவாக எழும்பியது. அச்சுக்கு அடியில் இரண்டு பக்கமும் கல்லை அடுக்கி முட்டுக் கொடுத்தார்கள். மாமன் ஸீட்டில் ஏறி, கியரைப் போட்டுவிட்டு, ராஜா மாதிரி உட்கார்ந்தான்.

"பெரிய மச்சான் அக்கட்டப் புடிங்க, மச்சான் நீங்க இக்கட்டச் சுத்துங்க. அது சுத்தாது பாருங்க. நா எழுதித் தாரேன்."

அப்பா இடது சக்கரத்தில் கை வைத்தார். பெரியப்பா வலது சக்கரத்தில் கை வைத்தார். நடுவில் வண்டி மறைத்தது. ஒருவரையொருவர் பார்க்க முடியாது. அப்பா முன்பக்கமாக ஒரு தள்ளுத் தள்ளினார். அந்தப் பக்கம் பெரியப்பாவின் கைக்குள் இருந்த சக்கரம் பின்பக்கமாக நகர்ந்தது.

"அம்முணி, சுத்துதுன்னு சொல்லு" என்றார் பெரியப்பா.

"சுத்துதாம்பா."

அப்பா மறுபடி தள்ளினார். மறுபடி நகர்ந்தது. பெட்டிக்கு ஒரு குறையும் இல்லை. மாமன் ராஜா நிலையிலிருந்து இறங்கி, தலையைச் சொறிந்துகொண்டு, இடது சக்கரத்தைக் கழற்றி பிரேக் டிரம்மைத் திறந்தான். திறந்ததும் எண்ணெய் அவன் முழங்கை வழியாக வழிந்து சட்டையை நனைத்தது.

"ஏனுங் மச்சான், பிரேக்கு இருக்கற எடத்துல எண்ணெக் கெணறு வெட்டி வெச்சிருக்கறீங்க? இது எப்பிடிங்க புடிக்கும்? வெண்ணெயில கால வெச்ச கணக்கா வழுக்காம என்ன பண்ணும்?"

"அங்க எப்பிடி எண்ணெ வந்துச்சு?"

"உள்ள எச்சா நின்னா அச்சோரமாக் கசிஞ்சு வெளிய வரத்தானுங்க செய்யும். பொட்டிக்கு எண்ணெய ஊத்தறது ஆரு?"

பெரியப்பா என்னைப் பார்த்துச் சொன்னார். "அம்முணி, என்ற நாள்ல நாந்தான் மாசா மாசம் ஒரு டப்பா ஊத்தறேன்னு சொல்லு. உங்கப்பனுக்கு அதெல்லாம் எங்க நெனப்பு இருக்கப்போவுது."

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா சொன்னார். "நானும் மாசா மாசம் ஊத்தறேன்னு சொல்லு. அவுரு எங்க பாக்கப் போறாருன்னுதான் ஊத்தறேன்."

என்னிடம் இரண்டு சேதிகள் இருந்தன. இரண்டும் ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டிருந்தன. மாமன் எண்ணெய்க் கையோடு சேற்றில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தான். "அளவுக் குச்சி ஒடஞ்ச வண்டிக்கு ரெண்டு பேரு அக்கற! பாவமுங் அது, எத்தனையத்தான் குடிக்கும்!"

வேறு யாரும் சிரிக்கவில்லை. அப்பா குனிந்து, டிரம்மிலிருந்து சொட்டுகிற எண்ணெயை விரலில் தொட்டுப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"எந்த ஆயிலுங்ணா ஊத்துனீங்க?"

"தொண்ணூறாம் நம்பரு" என்றார் பெரியப்பா.

"நானும் அதேதானுங்."

நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அங்கே வேலை இல்லை என்பது முதலில் ஒரு மாதிரியாக இருந்தது. என்னிடம் ஏதாவது கேட்பார்கள் என்று இரண்டு பேருக்கும் நடுவில்தான் நின்றேன். யாரும் கேட்கவில்லை. "சித்தெத் தள்ளிக்க அம்முணி, மறைக்குது" என்றார் பெரியப்பா.

அதிகமாக இருந்த எண்ணெயை அடிப்பக்க மூடியைத் திறந்து வடித்தார்கள். பிரேக்கைப் பெட்ரோல் விட்டுத் துடைத்து, சாக்கால் தேய்த்துக் காயவைத்து, சக்கரத்தைப் பூட்டினார்கள். இறக்குவதற்கு முன்னால் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று மாமன் மறுபடி ஏறி உட்கார்ந்து இடது பிரேக்கை மிதித்தான். அப்பா தள்ளினார், அசையவில்லை. பெரியப்பா தள்ளினார், அதுவும் அசையவில்லை. பிரேக்கை விட்டான். அப்பா முன்பக்கம் தள்ள, பெரியப்பாவின் சக்கரம் பின்னால் போயிற்று. பெரியப்பா முன்பக்கம் தள்ள, அப்பாவின் சக்கரம் பின்னால் வந்தது.

"சரியாயிருச்சு, போதுங்க" என்றான் மாமன்.

அவர்கள் விடவில்லை. ஒருவர் தள்ளுவார், கொஞ்சம் நிறுத்துவார், மற்றவர் தள்ளுவார். வண்டிக்கு இந்தப் பக்கம் நான் பார்த்தபோது அப்பா சக்கரத்தைப் பார்க்கவே இல்லை. கையை மட்டும் டயர்மேல் வைத்துக்கொண்டு, அது தானாக நகர்வதற்காகக் காத்திருந்தார். நகர்ந்ததும் திருப்பித் தள்ளினார். அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன். பெரியப்பாவும் அப்படியே நின்றார். வேறு எங்கோ பழுது இருக்கிறது போலிருக்கிறது, அதைத்தான் கைவைத்துக் கண்டுபிடிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

"ஏனுங், நா எறங்கிப் போயி டீத்தண்ணி குடிச்சிட்டு வாரட்டுங்களா?" என்று மாமன் கேட்ட பிறகுதான் விட்டார்கள்.

மிச்சக் கல்லையெல்லாம் சக்கரத்துக்கு முன்னால் வழியாகப் போட்டு வண்டியை இறக்கினார்கள். அப்பா ஸீட்டில் ஏறப்போனவர் நின்று, "இன்னைக்கு உங்க நாளுங்ணா" என்றார். "ஏறுடா, கெழங்கு கறுக்குது" என்றார் பெரியப்பா. அப்பா இடது பிரேக்கைப் பிடித்துக்கொண்டு கிளட்ச்சை விட்டார். அசையாமல் நின்ற வலது சக்கரம் மண்ணைக் கவ்வியது. கல் நொறுங்குகிற சத்தத்தோடு வண்டி மேடேறியது. பெரியப்பா ஓடிப்போய் மட்கார்டில் தொற்றி உட்கார்ந்துகொண்டார். டிரெய்லரை மறுபடி மாட்டி மில்லுக்குக் கொண்டுபோனார்கள். மில்லில் கொஞ்சம் பாயிண்ட் குறைந்துதான் எடுத்தார்கள். ஆனால் எடுத்துக்கொண்டார்கள்.

சாயங்காலம் பெரியப்பா கால் கழுவ வந்தவர் வைக்கோல் போருக்குப் பக்கத்தில் நின்றுவிட்டார்.

"ஏம்புள்ள, கல்லெல்லாம் எங்க?"

"நீங்கதானுங்க அனுப்பச் சொன்னீங்க" என்றாள் பெரியம்மா.

"நா ஒரு வண்டியல்ல கேட்டேன்?"

"சேறு எச்சா இருக்குதுன்னு புள்ள வந்து சொல்லுச்சு. கேட்டுப்போட்டு எண்ணிக்கிட்டா நிக்க முடியும்?"

சேறு அதிகம் என்று நான் சொல்லவே இல்லை. சொன்னதைச் சொன்னபடி சொல்லுகிற பிள்ளை என்ற என் பெயருக்கு அன்றைக்கு வந்த ஆபத்தை நினைத்து எனக்கு அழுகை முட்டியது. பெரியப்பா பெரியம்மாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அடுப்படி வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்தார். அம்மா அவசரமாக உள்ளே போய்விட்டாள். அவர் கால் கழுவிக்கொண்டு சாப்பிட வந்து உட்கார்ந்தார். அப்பா வரும்வரை தட்டில் கை வைக்கவில்லை.

கொத்தனார் சொன்னபடி வந்தார். கல்லைத் தேடிப் பார்த்துவிட்டு, காப்பி குடித்துவிட்டு, வந்ததற்கு மாட்டுத் தொட்டியின் விரிசலைப் பூசிவிட்டுப் போனார். சேற்றுக்குள் போன கல்லை ஆள் விட்டுப் பொறுக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. டிராக்டருக்கு ஒற்றைப்படை, இரட்டைப்படை எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மறந்துபோனது. முப்பத்தொன்றாம் தேதி லீவும் போய்விட்டது. அது ஒன்றுதான் எங்களுக்கு நஷ்டம். வெகுகாலம் கழித்து, அக்காவின் கல்யாணத்துக்கெல்லாம் பிறகு, அப்பா மேட்டுக்காட்டில் தனியாக வீடு கட்டினார். அதற்கு இடம் பார்த்துக் கயிறு பிடித்தவர் பெரியப்பாதான். பழைய வீட்டு ஆசாரத்தின் நடுவில் கடைசிவரை சுவர் வரவில்லை.

பள்ளக்காட்டு மூலையில் இப்போது உழுதாலும் சிவப்பாகத் துண்டு துண்டாக ஏதாவது மேலே வரும்.

எனக்கு ஒரு விஷயம் மட்டும் ரொம்ப நாள் உறுத்திக்கொண்டிருந்தது. கோழிகள் வைக்கிற முட்டையைத் தினமும் எண்ணுகிறவள் பெரியம்மா. அக்காவும் நானும் திருட்டுத்தனமாக எடுக்கிற வெல்லக்கட்டிக்குக்கூட அவளிடம் கணக்கு இருக்கும். அப்படிப்பட்டவளுக்கு ஒரு வண்டி என்று சொன்னது எப்படிப் புரியாமல் போனது? ஒருநாள் இரவு பாயில் படுத்துக்கொண்டு அக்காவிடம் கேட்டேன். அவள் வாயாடியாக இருந்தாலும் என்னைவிட மூத்தவள், பெரிய வகுப்பு.

"எங்கம்மாளுக்குச் சின்னக் கணக்குதான் வரும். பெரிய கணக்கு வராது" என்றாள்.

இருக்கும் என்று நானும் நினைத்துக்கொண்டு, அவள் பக்கம் திரும்பிப் படுத்துத் தூங்கிவிட்டேன்.